இடித்துரைக்க ஆளில்லாத ஆட்சி: மாவோ சேதுங்கின் எழுச்சியும் ஆட்சியும்



ஆரணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை இரண்டு. ஒன்று பட்டு. இன்னொன்று அரிசி. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு ஒரு பக்கம், ஊரைச் சுற்றி இரவும் பகலும் ஓடும் அரிசி ஆலைகள் இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் உலகில் முதலில் பெருமளவில் விளைவித்த நாடுகளில் ஒன்று சீனா. தறிக்கூடங்களில் 'சைனா பட்டு' என்ற பேச்சு எழும்போதெல்லாம் விலையைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த நாட்டை 27 ஆண்டுகள் தன் கையில் வைத்திருந்த மனிதரைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும், அவரைக் கும்பிடுவோர் ஒரு பக்கமும் திட்டுவோர் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்று பேசுகிறோம். நான் இரண்டு பக்கமும் நிற்கப் போவதில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கு ஒரு தீர்ப்பு உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மாவோ சேதுங் மக்களிடம் போய்க் கேட்டுக் கேட்டு உயர்ந்தவர். அதிகாரத்துக்கு வந்தபின், கேட்க விரும்பாத செய்தியைக் கொண்டுவந்தவர்களைத் தண்டித்தார். அந்தத் தண்டனையின் விலையைக் கோடிக்கணக்கான உழவர்கள் தங்கள் உயிரால் கொடுத்தார்கள்.

மாவோ 1893 டிசம்பர் 26 அன்று ஹூனான் மாகாணத்தின் ஷாவோஷான் கிராமத்தில் பிறந்தார். தந்தை ஏழை உழவராகத் தொடங்கி, நெல் வாங்கி விற்று வசதியானவர். கண்டிப்பானவர். தாய் புத்தரை வணங்கியவர். மகன் வயலில் உழைத்தான், படித்தான், தந்தையோடு சண்டை போட்டான். சாங்ஷா நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் 1918இல் படிப்பை முடித்தான். பிறகு பீக்கிங் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர் வேலை. அங்கே நூலகத் தலைவராக இருந்த லி தாசாவ் வழியாக மார்க்சியம் அறிமுகமானது. 1921 ஜூலையில் ஷாங்காயில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு கூடியது. பத்துப் பதின்மூன்று பேர்தான். போலீஸ் மோப்பம் பிடித்துவிட்டதால் கடைசி நாள் கூட்டத்தை ஜியாசிங் ஊர் ஏரியில் ஒரு படகில் நடத்தி முடித்தார்கள். அந்த ஜியாசிங்கும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் காலங்காலமாகப் பட்டுப்புழு வளர்த்து நூல் எடுக்கும் பகுதி. பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய கட்சிகளில் ஒன்றாக வளர்ந்த அமைப்பு ஒரு பட்டு ஊரில், படகில் உருக்கொண்டது.

அந்தக் கட்சியின் தலைவர்கள் ரஷ்யாவைப் பார்த்து, நகரத்து ஆலைத் தொழிலாளரே புரட்சி செய்வார்கள் என்று நம்பினார்கள். மாவோ கிராமத்துக்குப் போனார். 1927 தொடக்கத்தில் ஹூனானின் ஐந்து மாவட்டங்களில் 32 நாள் சுற்றினார். உழவர் சங்கங்களில் உட்கார்ந்து பேசினார், குறிப்பு எடுத்தார், அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையில் உழவர்களின் ஆத்திரத்தையும் அவர்கள் நிலக்கிழார்களை அவமானப்படுத்திய வன்முறையையும் மனமார வரவேற்று எழுதியிருக்கிறார் என்பதை மறைக்கக்கூடாது. பின்னாளில் வந்த கொடுமைகளின் ஒரு வேர் அங்கேயே இருக்கிறது. ஆனால் சீனத்தின் பெரும்பான்மை மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள், எதனால் நொந்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கட்சியில் அவரளவுக்கு நேரில் பார்த்தவர் யாருமில்லை.

எனக்கு மாவோவின் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி 1930 மே மாதம். ஜியாங்சி மாகாணத்தின் தென்கோடியில் சூன்வூ என்ற சிறு ஊர். மக்கள் தொகை சுமார் 2,700. ஆரணியில் ஒரு சில தெருக்களின் அளவு. போருக்கு நடுவே படை அங்கே தங்கிய நாட்களில், மாவோ ஊர்க்காரர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். ஊரில் எத்தனை மளிகைக் கடை, எத்தனை உப்புக் கடை, எத்தனை தையற்கடை, எத்தனை முடிதிருத்தும் கடை, யார் முதலாளி, முதல் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது, முன்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று ஒவ்வொன்றையும் எழுதினார். மக்களில் நூற்றுக்கு அறுபது பேர் உழவர்கள், பதினொரு பேர் கைத்தொழிலாளர்கள் என்று பிரித்தார். வயலில் நூற்றுக்கு நாற்பது பங்கு குலச் சொத்தாகவும் கோயில் சொத்தாகவும் கிடந்தது, முப்பது பங்கு நிலக்கிழார் கையில், மிச்சம் முப்பதுதான் உழவர் கையில் என்று கண்டார். கடனை அடைக்கப் பெற்ற பிள்ளையை விற்ற குடும்பங்களின் கதைகளையும் கேட்டு எழுதினார். படிக்கும்போது நெஞ்சு கனக்கும்.

இந்த ஆய்வு 1982இல்தான் முதன்முதலாக அச்சில் வந்தது. எழுதியவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து. அதே 1930 மே மாதத்தில் புத்தகத்தை வழிபடுவதை எதிர்த்து ஒரு கட்டுரையும் எழுதினார். நேரில் போய் விசாரிக்காதவர் ஒரு பிரச்சினையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது அதன் சாரம். இந்தக் கட்டுரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுக்குப் பிறகு மறுபடி வரும்.

மாவோவின் படைக்கு ஒழுங்கு விதிகள் இருந்தன. மக்களிடமிருந்து ஓர் ஊசியோ நூலோகூட எடுக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சேதப்படுத்தியதற்குக் காசு கொடுக்க வேண்டும், பயிரை மிதிக்கக்கூடாது. படை என்றாலே கொள்ளை என்று பழகியிருந்த மக்களுக்கு இது புதுமையாக இருந்தது. படைகளின் கொள்ளை ஆரணிக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான். 1751இல் கிளைவின் படையும் சந்தா சாகிப் பக்கத்துப் படையும் இந்த ஊரருகே மோதிக்கொண்ட காலத்தில் கர்நாடகத்து உழவனிடமும் நெசவாளியிடமும் யாரும் கேட்டு எடுக்கவில்லை.

இதன் பிறகான போர்க்கதையை விரைவாகச் சொல்கிறேன். 1930 நவம்பரில் மனைவி யாங் கைஹுயை எதிரிகள் சாங்ஷாவில் சுட்டுக் கொன்றார்கள். 1934 அக்டோபரில் தேசியவாத அரசின் தலைவர் சியாங் கை ஷேக்கின் முற்றுகையை உடைத்துக்கொண்டு கம்யூனிஸ்டுகளின் செம்படை வெளியேறியது. புறப்பட்டவர்கள் சுமார் 86,000 பேர். ஓராண்டு கழித்து வடக்கே ஷான்சியின் மஞ்சள் மண் மேட்டை அடைந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். நடந்த தூரம் 12,500 கிலோமீட்டர் என்பது கட்சியின் கணக்கு. வழியில் 1935 ஜனவரியில் சுன்யி நகரில் நடந்த கூட்டத்தில்தான் மாவோ தலைமையை நெருங்கினார். ஜப்பானியப் படையெடுப்பு, கட்சியின் தலைமையிடமான யெனானின் குகை வீடுகள், உள்நாட்டுப் போர் என்று பதினான்கு ஆண்டுகள் போயின. 1949 அக்டோபர் 1 அன்று பீக்கிங்கில் மக்கள் குடியரசை அறிவித்தார்.

யெனான் காலத்தைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். ஒன்று நமக்குப் பெருமை தருவது. 1938இல் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் துவாரகநாத் கோட்னிஸ். நம்மைப் போலவே தறியால் வாழும் ஊரான சோலாப்பூரில் பிறந்தவர். காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஓயாமல் அறுவை சிகிச்சை செய்து, சீனச் செவிலியை மணந்து, 1942 டிசம்பர் 9 அன்று 32 வயதில் அங்கேயே இறந்தார். மாவோ இரங்கல் எழுதினார். இன்றும் சீனத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. இரண்டாவது செய்தி கசப்பானது. அதே யெனானில் 1942இல் வாங் ஷிவேய் என்ற எழுத்தாளர், தலைவர்களுக்கு மட்டும் நல்ல சாப்பாடும் நல்ல துணியும் கிடைப்பதை விமர்சித்துக் கட்டுரை எழுதினார். சமத்துவம் பேசும் கட்சியில் அது நியாயமான கேள்வி. அவரைக் கூட்டம் போட்டுக் குற்றஞ்சாட்டினார்கள், சிறையில் வைத்தார்கள், 1947இல் கொன்றார்கள். ஊரைக் கேள்வி கேட்டு வளர்ந்த கட்சி, தன்னைக் கேள்வி கேட்டவனைப் பொறுக்கவில்லை. ஆட்சிக்கு வருமுன்பே கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டது.

ஆட்சியின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1950இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. நிலமில்லாத கோடிக்கணக்கானோர் நிலம் பெற்றார்கள். அதே ஆண்டு திருமணச் சட்டம் குழந்தை மணத்தையும் பெண்ணை விலைபேசிக் கட்டிவைப்பதையும் தடை செய்தது, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தந்தது. எழுத்தறிவு பரவியது. சிறு பயிற்சி பெற்ற கிராம மருத்துவப் பணியாளர்கள் வயலோரம் வரை மருந்து கொண்டுபோனார்கள். 1949இல் நாற்பதைத் தொடாத சராசரி ஆயுள், 1976இல் ஏறக்குறைய 65ஐ எட்டியது. அப்போது இந்தியாவில் அது ஐம்பதைச் சற்றே தாண்டியிருந்தது. இதை மறுக்க முடியாது. நம் ஆட்சியாளர்கள் வெட்கப்பட வேண்டிய ஒப்பீடு இது. ஆனால் அந்த நிலச் சீர்திருத்தமே ஊர்க்கூட்டங்களில் அடித்துக் கொன்று நடந்தது. இறந்தவர் பத்து லட்சத்துக்குக் குறையாது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. சட்டத்தால் எடுத்துக் கொடுத்திருக்கக்கூடிய நிலத்தை ரத்தத்தால் எடுத்துக் கொடுத்தார்கள்.

நிலம் உழவர் கையில் நிலைத்திருக்கவும் இல்லை. முதலில் நான்கைந்து குடும்பங்கள் கூடி உழைக்கும் குழுக்கள். பிறகு கூட்டுறவுகள். 1955 ஜூலையில் மாவோ வேகம் போதாது என்று கண்டித்தார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எல்லா உழவர் குடும்பங்களும் கூட்டுறவுக்குள் கொண்டுவரப்பட்டன. இந்த ஊரில் கூட்டுறவு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸையும் உங்கள் நெசவாளர் சங்கங்களையும் நீங்கள் அறிவீர்கள். சங்கத்தில் சேரலாம், சேராமலும் இருக்கலாம், தலைவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்கலாம், கூலி போதவில்லை என்று வாசலில் உட்கார்ந்து போராடலாம். சீனத்துக் கூட்டுறவில் இவை எதுவும் இல்லை. வெளியேறும் வழி இல்லாத சங்கம் சங்கமே அல்ல.

1957இல் விமர்சனம் செய்யுங்கள் என்று அறிவுஜீவிகளை அழைத்தார் மாவோ. செய்தார்கள். சில வாரங்களில் அழைப்பு வழக்காக மாறியது. ஐந்தரை லட்சம் பேருக்கு 'வலதுசாரி' முத்திரை குத்தி வேலையைப் பறித்தார்கள், முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்கள், பொறியாளர்கள், புள்ளியியலாளர்கள். அடுத்த ஆண்டு தவறான கணக்குகள் மலைபோல் குவிந்தபோது 'இது பொய்' என்று சொல்லியிருக்கக்கூடியவர்கள் இவர்களே.

1958. பெரும் பாய்ச்சல். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டுறவுகளை சுமார் 26,000 கம்யூன்களாக இணைத்தார்கள். வீட்டு அடுப்பை மூடிப் பொதுச் சமையற்கூடத்தில் சாப்பிடச் சொன்னார்கள். எஃகு உற்பத்தியை ஓராண்டில் இரட்டிப்பாக்க ஊர்தோறும் மண் உலை கட்டினார்கள். அதில் வீட்டுச் சட்டியும் கலப்பைக் கொழுவும் உருகி, எதற்கும் உதவாத இரும்புக் கட்டியானது. உலையில் ஆள் நின்றதால் விளைந்த நெல் வயலில் உதிர்ந்தது.

அதைவிடப் பெரிய கேடு கணக்கில் நடந்தது. ஒரு கம்யூன் ஏக்கருக்கு இவ்வளவு விளைந்தது என்று உயர்த்திச் சொன்னது. பக்கத்துக் கம்யூன் அதைவிட உயர்த்தியது. குறைத்துச் சொன்ன அதிகாரி வலதுசாரி ஆனார். பத்திரிகைகள் நெற்கதிரின்மேல் குழந்தைகள் ஏறி நிற்கும் படங்களை அச்சிட்டன. 1958இல் 37.5 கோடி டன் தானியம் விளைந்ததாக அறிவித்தார்கள். உண்மையில் விளைந்தது சுமார் 20 கோடி டன். அந்த ஆகஸ்டில் ஹெபேய் மாகாணத்து ஷூஷுய் வட்டத்துக்குப் போன மாவோ, இவ்வளவு தானியத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று உள்ளூர் அதிகாரிகளைக் கேட்டார். சூன்வூவில் உப்புக் கடையின் முதலைக் கேட்டு எழுதியவர், இங்கே ஒரு களஞ்சியத்தையும் அளந்து பார்க்கச் சொல்லவில்லை.

பட்டு நூலை எடைபோட்டுக் கொடுத்து, சேலையை எடைபோட்டு வாங்கும் ஊர் இது. கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே பேச்சு எழும். சீனத்தில் அரசாங்கம் பொய் எடையை நம்பி உண்மையான நெல்லை எடுத்துக்கொண்டது. 1959இல் விளைச்சல் 17 கோடி டன்னாக இறங்கியது. அரசு கொள்முதல் செய்தது சுமார் 6.7 கோடி டன். விளைந்ததில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. அதிலிருந்து 42 லட்சம் டன் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. 1960இல் விளைச்சல் சுமார் 14.3 கோடி டன். கிராமத்தில் என்ன மிஞ்சியிருக்கும்?

நிறுத்த ஒரு வாய்ப்பு வந்தது. பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், சிறு வயதில் பட்டினியை அறிந்தவர், கொரியப் போரில் சீனப் படையை நடத்தியவர். 1958 கடைசியில் சொந்த மாகாணமான ஹூனானுக்குப் போய் கிராமங்களைப் பார்த்தார். அறிக்கைக்கும் கண்ணில் பட்டதற்கும் பொருத்தமில்லை. 1959 ஜூலையில் லூஷான் மலையில் கட்சித் தலைவர்கள் கூடினார்கள். ஜூலை 14 அன்று பெங் மாவோவுக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதினார். பணிவான கடிதம். மாவோ அதை அச்சிட்டு எல்லாருக்கும் கொடுத்தார். ஒன்பது நாள் கழித்து எழுந்து பேசி, அதைக் கட்சி விரோதத் தாக்குதலாக மாற்றினார். முப்பது ஆண்டுத் தோழர் பதவி இழந்தார். நாடெங்கும் வலதுசாரி வேட்டை மறுபடி தொடங்கியது. கணக்கைத் திருத்த இருந்த கைகள் பயந்து மறுபடி உயர்த்தி எழுதின. பஞ்சத்தின் மிகக் கொடிய மாதங்கள் லூஷானுக்குப் பிறகு வந்தவை. என் பார்வையில் மாவோவின் பெரும் குற்றம் திட்டம் தவறியது அல்ல. திட்டம் தவறலாம். தவறு தெரிந்தவன் வாயை அடைத்ததே குற்றம். பெரியாரைத் துணைக்கோடல் என்று தனி அதிகாரமே வைத்து, இடித்துச் சொல்பவர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பதை வள்ளுவர் எழுதி வைத்தது இதற்காகத்தான். இங்கே மன்னன் கெடவில்லை. குடிமக்கள் மாண்டார்கள்.

ஹெனான் மாகாணத்தின் சின்யாங் வட்டாரத்தில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். பிச்சை எடுக்க வெளியூர் போகாதபடி சாலைகளில் காவல் போட்டார்கள். மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் தபால் நிலையத்திலேயே நின்றன. நாடு முழுவதும் இறந்தவர் எத்தனை என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றரைக் கோடியிலிருந்து நான்கரைக் கோடி வரை சொல்கிறார்கள். 1959இல் தன் தந்தையைப் பட்டினியில் இழந்த பத்திரிகையாளர் யாங் ஜிஷெங், பல ஆண்டுகள் ஆவணக் காப்பகங்களைத் தேடி 2008இல் எழுதிய நூலில் 3.6 கோடி என்று கணக்கிட்டார். குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டாலும் மனித வரலாற்றின் மிகப் பெரிய பஞ்சங்களில் ஒன்று.

1961 ஜனவரியில் மாவோ அந்த ஆண்டை விசாரணை ஆண்டாக்கும்படி கேட்டுக்கொண்டார். அப்போதுதான் தொலைந்துபோயிருந்த 1930ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஒரு பிரதி கிடைத்தது. மகிழ்ச்சியோடு அதைத் தோழர்களுக்குச் சுற்றுக்கு விட்டார். அதிகாரிகள் கிராமத்துக்குப் போனார்கள். பொதுச் சமையற்கூடங்கள் மூடப்பட்டன. பஞ்சம் தணியத் தொடங்கியது. பெங் தெஹுவாய்க்கு மட்டும் நீதி கிடைக்கவில்லை.

இதே 1950களில் நம் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1952, 53இல் சென்னை மாகாணத்துக் கைத்தறி படுத்துவிட்டது. சரக்கு தேங்கியது, நெசவாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தப் பட்டினியை யாரும் மறைக்க முடியவில்லை. பத்திரிகைகள் எழுதின, சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1953 தொடக்கத்தில் அண்ணாவும் அவர் தம்பிமாரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். ஆட்சியில் இருந்த ராஜாஜியோ வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று மத்திய அரசோடு வாதாடினார். இரண்டு பேரும் அரசியலில் எதிரெதிர் துருவம். ஆனால் நெசவாளியின் பசி இரண்டு பக்கத்திலிருந்தும் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. பெங் செய்ததை அண்ணா பகிரங்கமாகச் செய்தார். அவரை யாரும் துரோகி என்று முகாமுக்கு அனுப்பவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து முதலமைச்சரானார். பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் வாதிட்டதன் மையம் இதுதான்: எதிர்க்கட்சியும் பத்திரிகையும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வராது. அவரே இன்னொன்றும் சொன்னார். பஞ்சம் வராத இந்தியாவில் அன்றாட அரைப்பட்டினியும் நோயும் சத்தமில்லாமல் கொன்றவர் தொகை சீனப் பஞ்சத்துக்குச் சளைத்ததல்ல. ஜனநாயகம் பெரிய ஓலத்தைக் கேட்கிறது, சன்னமான முனகலைக் கேட்பதில்லை. அதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

பண்பாட்டுப் புரட்சியைப் பற்றி நீளமாகப் பேச நேரமில்லை, பேசவும் மனம் வரவில்லை. 1962 ஜனவரியில் ஏழாயிரம் ஊழியர் மாநாட்டில், இந்தப் பேரழிவில் பெரும்பங்கு மனிதர் செய்தது என்று சொன்னவர் நாட்டின் அதிபர் லியு ஷாவோசி. 1966இல் மாவோ மாணவர்களை ஏவிவிட்டபோது முதல் இலக்குகளில் ஒருவர் அவர். 1969 நவம்பரில் மருந்தின்றிக் காவலில் இறந்தார். பெங் தெஹுவாய் அடித்து இழிவுபடுத்தப்பட்டு 1974இல் இறந்தார். மாணவர் ஆசிரியரை அடித்தார்கள். பழைய கோயில்களும் ஏடுகளும் அழிந்தன. கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் படிப்பை விட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட மாவோவின் பெயர் தமிழ் மண்ணுக்கும் வந்தது. வந்த விதம் எனக்கு முக்கியம். இலங்கையில் 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது பீக்கிங் பக்கம் நின்ற தலைவர் நா. சண்முகதாசன், யாழ்ப்பாணத் தமிழர், தொழிற்சங்கவாதி. அவர் கட்சியினர் கே. ஏ. சுப்பிரமணியம் போன்றோர் முன்னின்று 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தேநீர்க் கடையிலும் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலிலும் போராட்டம் தொடர்ந்தது. மாவோவின் பெயரைச் சொல்லித் தமிழர் செய்தவற்றில் நான் தலைவணங்கும் காரியம் இது. காரணம், போராடியவர்களுக்கு ஊர் தெரியும். எந்தக் கடையில் தனிக் குவளை, எந்தக் கோயிலில் எந்த வாசல் அடைப்பு என்று தெரியும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1967 மே மாதம் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். பீக்கிங் பத்திரிகை அங்கே எழுந்த உழவர் கிளர்ச்சியை வசந்தத்தின் இடிமுழக்கம் என்று கொண்டாடியது. சீனத் தலைவரே எங்கள் தலைவர் என்று கல்கத்தாச் சுவர்களில் எழுதினார்கள். 1970இல் சீனாவுக்குப் போன நக்சலைட் பிரதிநிதி சௌரின் போஸிடம் சீனப் பிரதமர் சூ என் லாயே இந்த முழக்கம் தவறு என்று சொல்லி அனுப்பினார். தமிழ்நாட்டில் பெண்ணாடம் பக்கத்துத் தமிழாசிரியர் புலவர் கலியபெருமாள் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுளாகக் குறைந்து, நீண்ட காலம் சிறையில் கிடந்தார். நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே, திருப்பத்தூர்ப் பக்கம் 1980இல் குண்டு வெடித்துப் போலீஸார் இறந்தார்கள். பதிலுக்கு நடந்த வேட்டையில் இளைஞர்கள் வழக்கு விசாரணை இன்றிச் சுடப்பட்டார்கள். இரண்டு பக்கத்துச் சாவுக்கும் வருந்துகிறேன். அந்த இளைஞர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் ஹூனானின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்கு வழி தேடினார்கள்.

ஊரைப் படித்துப் போராடிய கம்யூனிஸ்ட் நம்மிடம் இருந்தார். பி. சீனிவாச ராவ், கன்னடத்துக்காரர். 1943இல் தஞ்சைக்கு வந்து தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் கொடியை ஏற்றினார். சேரியில் தங்கினார், பண்ணையாளோடு கூழ் குடித்தார், எந்த மரக்காலில் கூலி அளக்கிறார்கள், எந்தக் குற்றத்துக்குச் சவுக்கடி, எதற்குச் சாணிப்பால் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அடித்தால் திருப்பி அடி என்றார், பேச்சுவார்த்தைக்கும் உட்கார்ந்தார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. 1961இல் இறந்தார். சூன்வூவின் மாவோவைப் போல உழைத்தவர். லூஷானின் மாவோவாக ஆகும் அதிகாரம் அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

மாவோ 1976 செப்டம்பர் 9 அன்று இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அன்ஹுய் மாகாணத்தின் ஷியாவோகாங் கிராமத்தில் பதினெட்டு உழவர்கள் ரகசியமாகக் கூடிக் கூட்டு நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். பிடிபட்டால் சிறை போகிறவரின் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் முடிவு செய்தார்கள். விளைச்சல் பெருகியது. மாவோவுக்குப் பின் தலைமைக்கு வந்த டெங் சியாவோபிங் காலத்தில் அதுவே நாட்டின் கொள்கையானது. 1981 ஜூனில் கட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: மாவோவின் சாதனைகள் முதன்மை, தவறுகள் இரண்டாம்பட்சம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஷாவோஷானிலிருந்து பீக்கிங் வரை அவர் வந்த வழி மகத்தானது. அது அவர் ஆண்ட விதத்துக்கு ஈடாகாது. பள்ளிக்கூடமும் மருத்துவமும் பெண்ணுரிமையும் பட்டினிச் சாவு இல்லாமலே வந்திருக்க முடியும். கேரளம் அதைக் காட்டியிருக்கிறது. அதிலும் 1957இல் ஓட்டுப் பெற்று வந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பங்கு உண்டு.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சூன்வூ ஊருக்கு இருப்பது போன்ற கணக்கு ஆரணிக்கு வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை நின்றுவிட்டது, கைத்தறி எத்தனை, விசைத்தறி எத்தனை, ஒரு சேலைக்கு என்ன கூலி, பாவு வாங்கும்போது எவ்வளவு முன்பணக் கடன், நெசவை விட்டுப் போன பிள்ளைகள் எங்கே என்ன வேலை செய்கிறார்கள், ஜரிகையும் நூலும் எந்த ஊரிலிருந்து என்ன விலைக்கு வருகின்றன. வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். சங்கத்துக்கும் கைத்தறித் துறைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். அவர்களுக்குப் பிடிக்காத எண் இருந்தால் அதை முதல் பக்கத்தில் போடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப் போன்ற வெளியூர்ப் பேச்சாளரை அழைக்காமல், அந்தக் கணக்கை எடுத்த மாணவரை அழைத்துப் பேசவைக்கும்படி இந்த மேடையை அமைத்த அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.